கடப்பு முறை: எண்ணிக்கையில் உறுதி, விவரிப்பில் ஐயம்

ஒரு கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது அந்த விண்மீனின் ஒளி சிறிதளவு குறையும். அந்தக் குறைவை அளந்து கோளைக் கண்டறிவதே கடப்பு முறை. 2004, 2012 ஆண்டுகளில் வெள்ளி சூரியனைக் கடந்ததும் இத்தகைய நிகழ்வுதான். அன்று வெள்ளி ஒரு கரும்புள்ளியாகவாவது தெரிந்தது. தொலைவிலுள்ள விண்மீன்களின் கோள்கள் அப்படித் தெரிவதில்லை. ஒளி அளவின் வரைகோட்டில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு பள்ளம் விழும், அவ்வளவே. 2025 செப்டம்பரில் உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின், அதாவது பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின், எண்ணிக்கை 6,000 ஆனது. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தப் பள்ளங்களின் வழியே கிடைத்தவை.

வானியலாளர் ஓட்டோ ஸ்த்ரூவ 1952இலேயே இந்த வழியை முன்மொழிந்திருந்தார். அது நடைமுறைக்கு வந்தது 1999இல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வாகன நிறுத்துமிடம் ஒன்றில் நிறுத்தப்பட்ட 10 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு டேவிட் ஷார்போனோவும் டிமோத்தி பிரௌனும் எச்டி 209458 என்ற விண்மீனின் ஒளி ஏறத்தாழ 1.5 விழுக்காடு குறைவதைப் பதிவுசெய்தனர். வேறொரு குழுவும் அதே கடப்பைத் தனியாகக் கண்டறிந்தது. கோள் தன் ஈர்ப்பால் விண்மீனை அசைப்பதை அளக்கும் ஆரத்திசைவேக முறையால் அந்தக் கோளின் நிறை முன்பே கணிக்கப்பட்டிருந்தது. கடப்பு அதன் பருமனைத் தந்தது. இரண்டையும் சேர்த்தபோது அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. விண்மீனை ஒட்டிச் சுற்றும் அந்தப் பொருள் வியாழனைப் போன்ற வாயுக்கோள் என்பதில் அதன்பின் ஐயம் இருக்கவில்லை. இரு முறைகள் ஒன்றையொன்று சரிபார்த்த இந்த முதல் நிகழ்வு, கடப்பு முறையின் தரத்துக்கு இன்றும் நல்ல அளவுகோல்.

இந்த முறையின் முழு ஆற்றலையும் வெளிக்கொணர்ந்தது கெப்ளர் விண்தொலைநோக்கி. அதற்காக வில்லியம் போருக்கி முன்வைத்த திட்டத்தை நாசா நான்கு முறை நிராகரித்து, 2001இல்தான் ஏற்றது. 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் நான்கு ஆண்டுகள் வானின் ஒரே பகுதியைப் பார்த்தபடி 1,50,000க்கும் மேற்பட்ட விண்மீன்களின் ஒளியை இடைவிடாமல் அளந்தது. பின்னர் நடந்த நீட்டிப்புப் பணியையும் சேர்த்து 2,600க்கும் மேற்பட்ட கோள்கள் அதன் கணக்கில் சேர்ந்தன. அந்த எண்ணிக்கையைவிட மதிப்புள்ளது அதிலிருந்து கிடைத்த புள்ளிவிவரம். பூமியைவிடப் பெரியவையும் நெப்டியூனைவிடச் சிறியவையுமான கோள்கள் நம் சூரியக் குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கெப்ளர் கண்டவற்றில் அவையே மிகுதி. அவற்றிலும் பூமியின் ஆரத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரையுள்ளவை குறைவு என்பது 2017இல் தெரியவந்தது. விண்மீனின் கதிர்வீச்சோ கோளின் உள்வெப்பமோ மெல்லிய வளிமண்டலத்தை முழுதும் விரட்டிவிடுவதால் இந்த இடைவெளி உண்டாகிறது என்று விளக்குகின்றனர். எந்த ஒரு கோளைத் தனியாக ஆராய்ந்தாலும் இந்த உண்மை புலப்பட்டிருக்காது. ஆயிரக்கணக்கில் அளந்து ஒப்பிடும் வேலையில் கடப்பு முறைக்கு நிகரான வழி இன்றுவரை இல்லை.

ஆயினும் அந்த இடைவெளி கெப்ளரின் தரவில் மட்டுமே தெளிந்துவிடவில்லை. ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி அந்த விண்மீன்களின் நிறமாலைகளைப் பதிவுசெய்து, அவற்றின் ஆரங்களைத் துல்லியமாக்கிய பிறகே அது கண்ணில் பட்டது. முறையின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது. பள்ளத்தின் ஆழம் கோளின் பருமனைச் சொல்வதில்லை; விண்மீனின் வட்டில் எத்தனை பங்கைக் கோள் மறைத்தது என்ற விகிதத்தை மட்டுமே சொல்கிறது. விண்மீனின் ஆரம் பத்து விழுக்காடு பிசகினால் கோளின் ஆரமும் பத்து விழுக்காடு பிசகும். அருகில் வேறொரு விண்மீன் மறைந்திருந்து ஒளி கலந்தால் பள்ளம் ஆழம் குறைந்து, பெரிய கோள் சிறியதாகத் தோன்றும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள் கோளைப் போலவே வேடமிடுவதும் உண்டு. நிறையோ இந்த முறையில் நேரடியாகக் கிடைப்பதே இல்லை. கெப்ளரின் நீட்டிப்புப் பணி கண்ட ஒரு கோளின் நிறையை, ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் உள்ள பாராஸ் நிறமாலைமானி 2018இல் பூமியைப்போல் சுமார் 27 மடங்கு என மதிப்பிட்டது. இத்தகைய துணை அளவீடு கிடைக்காத கோள்கள் பாறையா, வாயுவா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

எல்லாக் கோளும் நம் பார்வைக் கோட்டில் விண்மீனைக் கடப்பதில்லை என்பதும் குறையாகச் சொல்லப்படுகிறது. வேறொரு விண்மீனிலிருந்து பார்ப்பவருக்குப் பூமி சூரியனைக் கடப்பதாகத் தெரியும் வாய்ப்பு ஏறத்தாழ 215இல் ஒன்று. ஆனால் இது வடிவியல் கணக்கு. விட்டுப்போனவற்றை மதிப்பிட்டுச் சேர்த்துவிடலாம். உண்மையான இடர் வேறு. பூமி கடக்கும்போது சூரியனின் ஒளியில் குறைவது பத்து லட்சத்தில் 84 பங்குதான். சூரியனை ஒத்த விண்மீன்களின் ஒளியோ, எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏறியிறங்குவதைக் கெப்ளர் கண்டது. கருவியும் தன் பங்குக்குக் குழப்பியது. கெப்ளர் சூரியனைச் சுற்றிவர சுமார் 372 நாள் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது திருப்பப்பட்டதால், ஒரே விண்மீன் ஆண்டுக்கு ஒருமுறை அதே குறையுள்ள மின்னணுப் பகுதியில் வந்து விழுந்தது. அதனால் 372 நாளை ஒட்டிய போலிப் பள்ளங்கள் குவிந்தன. 2015இல் பூமியின் உறவாகக் கொண்டாடப்பட்ட கெப்ளர்-452பி கோளின் சுற்றுக்காலம் 385 நாள். அது கோள்தான் என்பதற்குச் சொல்லப்பட்ட உறுதி போதாது என்று 2018இல் ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியது. பூமியைப் போன்ற கோள்கள் சூரியனை ஒத்த விண்மீன்களில் எத்தனை என்ற கேள்விக்கான விடைகள் ஆய்வுக்கு ஆய்வு பல மடங்கு வேறுபடுவதற்குக் காரணம் இதுவே. மக்கள் மிகவும் அறிய விரும்பும் எண், இந்த முறையில் மிகவும் நலிந்த எண்ணாக இருக்கிறது.

வளிமண்டல ஆய்வில் இந்த நலிவு இன்னும் கூர்மையாகிறது. கடப்பின்போது விண்மீனின் ஒளி கோளின் விளிம்பிலுள்ள காற்றின் ஊடே வடிந்து வருகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய அலைநீளத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வாஸ்ப்-39பி என்ற வெப்பமான வாயுக்கோளில் 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்ட கார்பன் டைஆக்சைடு ஐயத்துக்கு இடமில்லாத கண்டுபிடிப்பு. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி என்ற கோளின் கதை அப்படியல்ல. ஹபிள் விண்தொலைநோக்கியின் தரவைக் கொண்டு 2019இல் அங்கே நீராவி இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஹபிள் அளந்த குறுகிய அலைநீள எல்லையில் நீராவியையும் மீத்தேனையும் பிரித்தறிவது கடினம். 2023இல் ஜேம்ஸ் வெப் பார்த்தபோது மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் இருந்தன. நீராவியின் தடயம் உறுதிப்படவில்லை. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்பைடின் சாயல் தெரிவதாகச் சொன்னது. அதே தரவுக்கு வேறு ஹைட்ரோகார்பன்களும் பொருந்தும் என்றும், எந்த வாயுவின் தடமும் இல்லாத ஒரு நேர்கோடே போதும் என்றும் பிற ஆய்வாளர்கள் காட்டினர். உயிரில்லாத 67பி வால்மீனிலும் அந்த மூலக்கூறு கண்டறியப்பட்டிருக்கிறது. எந்தெந்த வாயுக்களைப் பட்டியலில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்போது, அந்த விடையை உயிரின் அறிகுறி என்ற தலைப்பில் உலகுக்கு அறிவிப்பது அறிவியலுக்கு நன்மை செய்வதில்லை.

செங்குறுமீன்கள் எனப்படும் சிறிய, செந்நிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் ஆழமான பள்ளம் தருவதால் வளிமண்டலத் தேடல் அவற்றையே நாடுகிறது. ஆனால் அந்த விண்மீன்களின் குளிர்ந்த புள்ளிகளில் நீராவியே உண்டு; அதன் தடம் கோளின் காற்றுடையதாகத் தோன்றிவிடும். 40 ஒளியாண்டு தொலைவில் ஏழு பாறைக்கோள்களைக் கொண்ட டிராப்பிஸ்ட்-1 இதற்குப் பேர்போனது. அங்குள்ள இ என்ற கோளின் முதல் நான்கு கடப்புகளைப் பற்றி 2025இல் வெளிவந்த முடிவுகளால், தடித்த ஹைட்ரஜன் உறை இல்லை என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அதற்கு மேலுள்ள சாயலில் எது கோளுடையது, எது விண்மீனுடையது என்பது பிரியவில்லை. அடுத்த அவதானிப்புகளில் பி என்ற கோளும் இ என்ற கோளும் சில மணி நேர இடைவெளியில் கடக்கும் நாள்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பி கோளில் குறிப்பிடத்தக்க வளிமண்டலம் இல்லை என்பதை அதன் வெப்ப அளவீடு 2023இல் சுட்டியது. எனவே அதன் நிறமாலையில் தெரியும் தடங்களை விண்மீனுடையவை என்று கொண்டு, இ கோளின் தரவிலிருந்து கழித்துவிடலாம்.