முறையீடும் கணக்கும்: பதவி முறைகேட்டைத் தமிழ் மரபு எதிர்கொண்ட இரு வழிகள்

1. முன்னுரை

பொதுப்பதவி வகிப்போர் அதனைத் தம் நலத்துக்குப் பயன்படுத்தும்போது குடிமக்களிடம் எழும் மனக்கசப்பு தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை முதல் இருபதாம் நூற்றாண்டின் மேடை நாடகங்கள் வரை அக்கசப்பு பல வடிவங்களில் பேசப்பட்டுள்ளது. இப்படைப்புகளைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் குரலையோ ஆள்பவரின் அறத்தையோ மையமாகக் கொண்டவை. இவ்விருவருக்கும் இடையில் நிற்பவர்களும், அவர்கள் வகிக்கும் பதவியும், அப்பதவியைக் கட்டுப்படுத்த வேண்டிய நடைமுறையும் அந்த அளவு கவனம் பெறவில்லை.

பதவி முறைகேட்டுக்குத் தமிழ் மரபு இரண்டு விடைகளை முன்வைத்துள்ளது. ஒன்று முறையீடு. அது ஆள்பவரின் மனச்சான்றை நோக்கிச் செல்வது. மற்றொன்று கணக்கு. பதவியில் இருப்பவர் நல்லவராயினும் தீயவராயினும் அவரிடம் விடை கேட்கும் விதி அது. முதலாவது காவியத்திலும் புராணத்திலும் வளர்ந்தது. இரண்டாவது கல்வெட்டில் தங்கிவிட்டது. இன்றைய குடிமக்களின் சினம் பெரிதும் முதலாவதன் மொழியையே பேசுகிறது என்பதும், அச்சினம் அடிக்கடி பயனற்றுப் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

2. ஐயத்துக்கு வழியில்லாத அரண்மனை

கண்ணகியின் வழக்கு பொதுவாக நீதி வென்ற கதையாகவே கற்பிக்கப்படுகிறது. அரண்மனை நடைமுறையை மட்டும் தனியே எடுத்து நோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே குற்றம் சுமத்துபவனாக வருகிறான். ஊடல் கொண்ட அரசியைத் தேடிச் செல்லும் வழியில் மன்னன் அதனைக் கேட்கிறான். கேட்டவுடன் காவலரை அழைத்து ஆணையிடுகிறான். அவைக்களம் கூடவில்லை, குற்றம் சாட்டப்பட்டவன் அழைக்கப்படவில்லை, சிலம்பும் சோதிக்கப்படவில்லை.

கொலைக்களக் காதையில் மற்றுமொரு செய்தி உள்ளது. கோவலனைக் கண்ட காவலர்க்கு ஐயம் எழுகிறது. அவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமாக இல்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே கூறுகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் இயல்பை விரித்துரைத்து அவ்வையத்தை அடக்குகிறான். இறுதியில் அவர்களுள் அறிவற்ற ஒருவன் வாளை வீசுகிறான். ஆக, தவறு நிகழவிருக்கிறது என்பதை உணர்ந்தவர்கள் ஆட்சியின் கீழ்நிலையில் இருந்தனர். அவர்களுடைய ஐயம் மன்னனிடம் திரும்பிச் செல்வதற்குத்தான் வழி இல்லை. ஆணை மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து மேலே எதுவும் செல்லவில்லை.

வழக்குரை காதையில் கண்ணகி கொண்டுவரும் சான்று எளியது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதை மன்னனே கூறுகிறான். கண்ணகியின் சிலம்பை உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. ஒரு கணத்தில் முடியும் சோதனை இது. அதற்குத் தேவையான செய்தி முழுவதும் முதலிலிருந்தே அரண்மனைக்குள் இருந்தது. இருந்தும் அச்சோதனை கோவலன் இறந்த பின்னரே நிகழ்ந்தது. அதுவும் கணவனை இழந்தவள் நேரில் வந்து நின்றதால் நிகழ்ந்தது.

பின் விளைவும் கருதத்தக்கது. மன்னன் தன் தவறு உணர்ந்து உயிர் விடுகிறான். அவன் மாண்பு அங்கு விளங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவனுக்குப் பின் நிகழ்வது என்ன? கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகக் காப்பியம் கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்காக அத்தொழில் செய்த ஆயிரவர் மாண்டனர். விசாரணையின்றிக் கொலைத்தண்டனை விதிக்கக்கூடாது என்ற விதி எதுவும் பிறந்ததாகக் காப்பியத்தில் செய்தியில்லை. சினம் தணிக்கப்பட்டது, நடைமுறை முன்பு போலவே இருந்தது.

3. மணியும் மனுவும்

கண்ணகி மன்னன் முன் தன் ஊரின் பெருமையாக எடுத்துரைப்பது, கன்றை இழந்த பசுவின் பொருட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் செயலை. பிற்காலத்தில் பெரியபுராணம் இக்கதையைத் திருவாரூரில் நிகழ்ந்ததாக விரிவாகப் பாடியது. தமிழர் நீதியுணர்வின் அடையாளமாக இக்கதை நிலைபெற்றுவிட்டது. மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது.

இக்கதையிலும் இடையில் நிற்பவர் ஒருவர் உண்டு. மகன் மீது தேரைச் செலுத்துமாறு மன்னன் அமைச்சனுக்கு ஆணையிடுகிறான். அதனைச் செய்ய மனமின்றி அமைச்சன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். பின்னர் மன்னனே தேரைச் செலுத்துகிறான். இறையருளால் அனைவரும் உயிர்பெற்று எழுவதால் அமைச்சனின் இறப்பு கேட்போர் நினைவில் தங்குவதில்லை. ஆணைக்கும் மனச்சான்றுக்கும் இடையே அகப்பட்ட பதவியாளனுக்கு அவ்வுலகில் இருந்த ஒரே வழி அவ்விறப்பு என்பது கருதப்பட வேண்டும்.

தமிழ்நாட்டின் மாவட்ட நிர்வாகம் மக்களிடம் கோரிக்கை மனுக்களைப் பெறும் முகாமுக்கு ‘மனுநீதி நாள்’ என்றே பெயர். விண்ணப்பத்தைக் குறிக்கும் ‘மனு’ என்ற சொல்லும் மன்னன் பெயரும் ஒரே ஒலியில் அமைந்திருப்பது அப்பெயருக்கு இரட்டைப் பொருள் தருகிறது. ஆட்சியர் நேரில் வந்து அமர்ந்து மனு வாங்குவது பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. முதியோர் உதவித்தொகையும் பட்டாவும் அம்முகாம்களில் கிடைத்தவர் உண்டு. ஆனால் அப்பெயருக்குள் ஓர் எதிர்பார்ப்பு மறைந்துள்ளது. மணியடித்தால் மன்னன் எழுந்து வருவான் என்பதே அது. வட்ட அலுவலகத்தில் அம்மனு முன்பே ஏன் தேங்கிக் கிடந்தது, தேக்கியவர் யார், அவர் யாருக்கு விடை சொல்ல வேண்டும் ஆகிய கேள்விகளை அவ்வெதிர்பார்ப்பு எழுப்புவதில்லை. குறை தீர்ந்தால் அது அருள். தீராவிட்டால் மன்னன் நல்லவனல்லன். குடிமக்களின் மனநிலை இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடுகிறது.

4. உத்தரமேரூர்: நம்பாமையில் பிறந்த விதி

இதற்கு முற்றிலும் மாறான மொழியை உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளில் காணலாம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவ்விரு சாசனங்களும் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தெரிந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பதவிக்காலம் 360 நாள்.

மேடைகளில் இக்கல்வெட்டு பெரும்பாலும் தேர்தல் முறையின் தொன்மைக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் உண்மையான வலிமை தகுதியின்மைப் பட்டியலில் உள்ளது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் பதவிக்கு வரலாகாது. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்களும், அத்தை மாமன் மக்களும், மனைவியின் உடன்பிறந்தானும், உடன்பிறந்தாளின் கணவனும், மருமகனும், தகப்பனும், மகனும் வரலாகாது. அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. பதவியில் இருக்கும்போதே குற்றம் காணப்பட்டால் அவர் அப்போதே நீக்கப்படுவார்.

உறவினரை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிச் சொல்லும் ஓர் ஆவணம், கணக்குக் காட்டாதவர் மைத்துனரையோ மருமகனையோ முன்னிறுத்தித் திரும்பி வரக்கூடும் என்பதை அறிந்தவர்களால்தான் எழுதப்பட்டிருக்க முடியும். இங்கு மனச்சான்றின் மீது நம்பிக்கை வைக்கப்படவில்லை. எழுத்தறியாச் சிறுவனைத் தேர்ந்ததும் அதே காரணத்தால்தான். முதற்சாசனம் எழுந்து இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்ட விதிகளுடன் மற்றொரு சாசனம் எழுந்தது. வயது வரம்பும் மாற்றப்பட்டு 35 முதல் 70 வரை என வகுக்கப்பட்டது. பாண்டியன் தவறுணர்ந்தபோது உயிர் விட்டான். உத்தரமேரூர்ச் சபையோ விதியைத் திருத்தியது.

இச்சபையைப் போற்றும்போது அதன் எல்லையையும் கூற வேண்டும். அது பிராமணர் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அதில் இடம் இருந்தது. பெண்களும் நிலமற்ற உழுகுடிகளும் அக்குடத்துக்கு வெளியே நின்றனர். ஒத்த நிலையினர் ஒருவரிடம் ஒருவர் கேட்ட கணக்கு அது. ஏரி வாரியத்தின் பொறுப்பிலிருந்த நீரைக் கொண்டு பிறர் நிலத்தில் உழைத்தவன் கேட்கக்கூடிய கணக்கன்று. இருந்தும், பதவி என்பது கணக்குக் கொடுக்கும் கடமை என்ற கருத்தைத் தமிழில் இதைவிடத் தெளிவாகக் கூறும் பழஞ்சான்று காண்பதரிது.

5. இரு நவீன நாடகங்கள்

நவீனத் தமிழ் மேடை இவ்விரு மரபுகளில் எதனைக் கைக்கொண்டது? 1968இல் மேடையேறி 1971இல் திரைப்படமான சோவின் ‘முகமது பின் துக்ளக்’ அரசியல்வாதிகளை நோக்கிய எள்ளலில் ஒரு திருப்புமுனை. கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகக் கூறிக்கொள்ளும் இருவர் நாட்டின் அரசியலுக்குள் நுழைகின்றனர். துக்ளக் பிரதமராகிறான், கட்சி மாறி வருவோர்க்கெல்லாம் துணைப்பிரதமர் பதவி தருகிறான், பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான். மக்களின் கண்களைத் திறக்க வேண்டும் என்று தொடங்கிய வேடம், இறுதியில் வேடம் பூண்டவனையே விழுங்கிவிடுகிறது. உண்மையைச் சொல்ல முற்படும் தோழனை அவன் மக்களைக் கொண்டே ஒழிக்கிறான்.

பதவி நல்ல நோக்கத்தையும் அழிக்கும் என்ற உத்தரமேரூர்ச் சபையாரின் ஐயம் இந்நாடகத்தில் உள்ளது. ஆனால் அவர்கள் அவ்வையத்திலிருந்து விதிக்குச் சென்றனர். நாடகம் ஏளனத்துக்குச் சென்றது. அதன் எள்ளல் அரசியல்வாதியோடு நில்லாமல் வாக்காளரையும் தாக்குகிறது. அரங்கை விட்டு வெளியேறுபவரிடம் எஞ்சுவது, எல்லாரும் இப்படித்தான் என்ற நிறைவு. அது கசப்பை வெளியேற்றும், கேள்வியாக மாற்றாது.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ இதனினும் ஆழமானது. 1980இல் மேடையேறிய இந்நாடகம் மறு ஆண்டு கே. பாலசந்தர் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. வறண்ட அத்திப்பட்டிக்குச் சட்டத்திடமிருந்து தப்பி வந்த வெள்ளைச்சாமி வண்டியில் நீர் கொண்டுவந்து சேர்க்கிறான். ஊரார் மனுக்கள் பலனற்றுப் போகின்றன. தேர்தலைப் புறக்கணிக்கின்றனர், பின்னர் தாமே கால்வாய் வெட்ட முனைகின்றனர். அனுமதியின்றி வெட்டுவது குற்றம் என அரசு இயந்திரம் குறுக்கிடுகிறது. காவல்துறை வருகிறது. தப்பியோடும் வெள்ளைச்சாமி தாகத்தால் மடிகிறான்.

சிலம்பின் அமைப்பு இங்கு தலைகீழாகியுள்ளது. முறையிடும் குடிகள் இருக்கின்றனர். தவறுணர்ந்து மடியும் மன்னன் இல்லை. மடிபவன் நீர் கொண்டுவந்தவன். மேலும், நீர் தராத அரசு விதியை மட்டும் தவறாமல் கொண்டுவருகிறது. விதி எந்தத் திசையில் செயற்படுகிறது என்ற கேள்வியைக் கோமல் எழுப்புகிறார். குடிகளிடம் அலுவலர் கேட்பதற்கு விதி உண்டு; அலுவலரிடம் குடிகள் கேட்பதற்கு இல்லை. குடத்துக்கு வெளியே நின்ற உழுகுடியின் நிலையும் இதுவே. ஆயிரமாண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரு பனுவல்களும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன: கணக்கு எதற்கு என்பதைக் கல்வெட்டு கூறுகிறது, யாருக்கு என்பதை நாடகம் கேட்கிறது.

இலக்கியம் விதி வகுக்கும் தொழிலன்று எனச் சிலர் மறுக்கலாம். அது உண்மையே. கண்ணகியின் சினத்துக்குப் பதிலாக ஒரு விசாரணை விதியை இளங்கோவிடம் எவரும் எதிர்பார்க்க இயலாது. ஆனால் ஒரு சமூகம் தன் மாணவர்க்கு எந்தப் பனுவல்களை எவ்வாறு கற்பிக்கிறது என்பதே ஆட்சியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் கற்பிக்கிறது. காவலரின் ஐயத்தையும் அமைச்சனின் இறப்பையும் விட்டுவிட்டு மன்னரின் மாண்பை மட்டும் கற்பிப்பது பனுவலின் குறையன்று, திறனாய்வின் குறை.

6. முடிவுரை

கீழிருந்து மேலே கணக்குக் கேட்கும் உரிமை அண்மைக்காலத்தில் சட்ட வடிவம் பெற்றுள்ளது. இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகத் தமிழ்நாடு 1997இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றியது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 2005இல் வந்தது. இலங்கையில் 2016இல் நிறைவேறியது. இச்சட்டங்களின்படி விண்ணப்பிப்பவர் அருளை வேண்டுவதில்லை; குறித்த காலத்துக்குள் விடையைக் கோருகிறார். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்கிறார். வடிவத்தில் அதுவும் ஒரு மனுதான். தன்மையில் அது முறையீடன்று, கணக்கு.

இம்மாற்றத்துக்கு ஏற்ற இலக்கிய மொழி தமிழில் இன்னும் முழுமையாக உருவாகவில்லை. ஊரை எரிக்கும் சினத்துக்கும் எல்லாரையும் ஏளனம் செய்யும் கசப்புக்கும் தமிழில் செழுமையான முன்மாதிரிகள் உள்ளன. கிராம சபையில் எழுந்து நின்று குளம் தூர்வாரிய செலவுக்கு விவரம் கேட்பவரின் பொறுமைக்கு முன்மாதிரிகள் மிகக் குறைவு. அவருக்குக் கண்ணகியின் துணிவும் உத்தரமேரூர்ச் சபையாரின் நம்பாமையும் ஒருங்கே தேவைப்படுகின்றன. இலக்கியத் துறையினர் காப்பியத்தையும் கல்வெட்டுத் துறையினர் சாசனத்தையும் தனித்தனியே படிக்கும் வழக்கம் மாறி, இரண்டும் ஒரே வகுப்பறையில் அருகருகே வைத்துக் கற்பிக்கப்படுமாயின், அத்தகைய மொழி உருவாவதற்குத் தமிழியல் தன் பங்கைச் செய்ததாகும்.