கடுகளவு வல்லூறு

என் மேஜைமேல் இரண்டு புகைப்படங்கள் கிடக்கின்றன. இரண்டிலும் ஒரே பறவை, ஒரே பாறை, ஒரே காலை ஏழரை மணி. மேலூருக்கு அருகே அரிட்டாபட்டி மலைச்சரிவில் உட்கார்ந்திருந்த லகுடு வல்லூறு அது. ஒரு படத்தை எடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்ற பிறகு பறவை பார்க்கக் கிளம்பியவர். மற்றதை எடுத்தவன் என் அக்காள் மகன். பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் எடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும் வழியில் பேச்சு முற்றிவிட்டது. நேரே என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள்.

"மாமா, ரெண்டையும் பாருங்க. எது படம்னு நீங்களே சொல்லுங்க" என்றான் பையன்.

"சார் சொல்றதுக்கு நான் கட்டுப்படுறேன்" என்றார் வாத்தியார். கட்டுப்படுகிறவர் முகம் அப்படி இருக்காது.

கதைகளுக்கு மதிப்புரை எழுதிப் பகை தேடிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. காமிராவுக்கு எழுதியதில்லை. ஆனாலும் பகை என்னவோ ஒன்றுதானே, துணிந்து உட்கார்ந்தேன்.

வாத்தியாரிடம் இருப்பது 2018-இல் வெளிவந்த நிக்கான் பி1000. இந்த வகைக்குப் பிரிட்ஜ் காமிரா என்று பெயர். சட்டைப் பையில் போடும் சிறு காமிராவுக்கும், லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய காமிராவுக்கும் நடுவே பாலமாக நிற்கிறதாம். மாலை ஆறு மணிக்கு ஏ.வி. பாலத்தில் பஸ்ஸுக்குள் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாக விளங்கும்: இக்கரையும் இல்லை, அக்கரையும் இல்லை. லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் விளம்பரத்தில் 125 மடங்கு, 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். பையனிடம் இருப்பது 2017-இல் வந்த டி7500 என்ற டி.எஸ்.எல்.ஆர். அதன் முகத்தில் 200–500 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்ஸ். இரண்டும் சேர்ந்து மூன்று கிலோ. வாத்தியாருடையது 1415 கிராம். அந்த மலையில் ஏறி இறங்கியவர்கள் இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

படத்தின் தரம் என்று வந்தால் டி.எஸ்.எல்.ஆருக்குப் பக்கத்தில் பிரிட்ஜ் நிற்க முடியாது என்பது பொது அபிப்பிராயம். காரணம், படம் விழுகிற சில்லு. அதற்குச் சென்ஸார் என்று பெயர். சினிமாக்காரர்கள் பயப்படுகிற சென்ஸார் இல்லை இது. டி7500-இல் அது 23.5-க்கு 15.7 மில்லிமீட்டர். பி1000-இல் 6.2-க்கு 4.6. பரப்பில் பதின்மூன்று மடங்கு வித்தியாசம். பையன் இந்தப் பதின்மூன்றை வாசற்படியிலேயே தூக்கி வீசினான். வாத்தியார் எதிர்ப்பேச்சுப் பேசாமல் தாளும் பென்சிலும் கேட்டார்.

அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். விளம்பரத்திலுள்ள 3000 என்பது பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருளோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். அந்த லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 539 மில்லிமீட்டர்தான். பையனுடைய லென்ஸுக்கு 500. ஆகவே இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒரு முழ நீளமுள்ள பறவை 250 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், அதன் பிம்பம் இரண்டு சில்லிலும் ஒரே அளவாகத்தான் விழும்: ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடுகளவு! பையனுடைய பெரிய சில்லில் மற்ற இடமெல்லாம் பாறை. பதின்மூன்று மடங்கு பரப்பையும் சுமந்துகொண்டு போய் அவன் கருங்கல்லைப் படம் பிடித்திருக்கிறான்.

இனி வெளிச்சம். பையனுடைய லென்ஸில் ஒளி நுழையும் வாய் 89 மில்லிமீட்டர்; வாத்தியாருடையதில் 67. ஆக, அந்தக் கடுகின் மேல் விழும் ஒளியில் பையனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு லாபம். பதின்மூன்று எங்கே, இரண்டு எங்கே! அதோடு, அந்தக் கடுகைப் பையனுடைய சில்லு நீளவாட்டில் இருநூற்றுச் சொச்சம் புள்ளிகளாகப் பிரிக்கிறது. வாத்தியாருடையது எழுநூறாகப் பிரிக்கிறது.

பையன் வாயடைத்துப் போனான். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கணக்கை வைத்துப் படத்தை ஒப்புக்கொள்வது, இலக்கணத்தை வைத்துக் கவிதையை ஒப்புக்கொள்வது மாதிரி. படங்களைக் கையில் எடுத்தேன்.

வாத்தியாரின் படத்தில் வல்லூறு பெரிதாக, தைரியமாக உட்கார்ந்திருக்கிறது. முதல் பார்வைக்குப் பிரமாதம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மார்பின் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்திருப்பது தெரிகிறது. ஈரத்தாளில் வர்ணம் ஊறியது போல. எழுநூறு புள்ளிகளும் எழுநூறு சேதி சொல்லவில்லை. அந்த வாயின் வழியே வரும் ஒளி முனை போலக் குவியாமல் சிறு வட்டமாகப் பரவும். அது இயற்கையின் விதி, யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த வட்டம் ஒவ்வொன்றும் ஏழெட்டுப் புள்ளிகளின் குறுக்கே படிந்துவிடுகிறது. குறை சொல்ல வேண்டியது அடுத்த காரியத்தை. சிறு புள்ளிகளில் வெளிச்சம் போதாமல் எழும் பொரிபொரியான கரகரப்பைக் காமிரா தானாகவே தேய்த்துவிடுகிறது. தேய்க்கும்போது கரகரப்போடு இறகின் நுனியும் போய்விடுகிறது. நம் பக்கத்தில் இதற்குப் பூசி மெழுகுவது என்று நல்ல வார்த்தை இருக்கிறது. மெழுகாத கச்சாப் பதிவையும் பி1000 எடுக்கும். அதற்கு முன் 2015-இல் வந்த பி900-இல் அந்த வசதியும் கிடையாது. வாத்தியார் அந்தப் பக்கமே போகிறவரில்லை.

பையனின் படத்தில் மெழுகு இல்லை. பறவையைச் சுற்றிப் பாறையின் வெடிப்பு, காய்ந்த புல், எல்லாம் துல்லியம். பறவைதான் போதவில்லை. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. பொய் சொல்லவில்லை, சொல்வதற்கு அதனிடம் அதிகம் இல்லை.

இங்கேதான் ஒரு கேள்வி. இந்தப் படம் எதற்காக? சுவரில் மாட்டுவதற்கு என்றால் இரண்டுமே உதவாது. அந்த மலையில் லகுடு வல்லூறும் உண்டு, ஷாஹீன் வல்லூறும் உண்டு. லகுடுவுக்கு உச்சந்தலை செம்பழுப்பு. கண்ணுக்குக் கீழே ஒல்லியாக ஒரு மீசை. ஷாஹீனுக்குத் தலை முழுவதும் கறுப்பு முக்காடு, மீசை தடிமன். இந்த மீசை தெரிந்தால் படம் சாட்சி. தெரியாவிட்டால், 'ஏதோ ஒரு பருந்து'. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரை அரசு அறிவித்தபோது, 250 வகைப் பறவைகளோடு இந்த இரண்டையும் ராசாளிக் கழுகையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2024-இல் அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்து, ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மீசையின் தடிமன் சின்ன விஷயமில்லை.

வாத்தியாரின் மெழுகுப் படத்தில் மீசை தெரிகிறது, செம்பழுப்பும் தெரிகிறது. பையனுடையதில் மீசை இருக்கலாம் என்று தோன்றுகிறது. அரிட்டாபட்டி வழக்கில் என் தீர்ப்பு வாத்தியார் பக்கம்தான்.

பையன் விடவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் இன்னும் இரண்டு படங்களைக் கொண்டுவந்து போட்டான். முந்தின வாரம் இருவரும் சாமநத்தம் கண்மாயில் எடுத்தவை. விடியற்காலை ஆறு மணி, வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை, முப்பது மீட்டரில் ஒரு சங்குவளை நாரை. இங்கே கதை தலைகீழாகிவிட்டது. நாரை பையனுடைய பெரிய சில்லை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. வாங்கின பதின்மூன்று மடங்கும் இப்போதுதான் வேலைக்கு வருகிறது. வாத்தியாரோ அதே காட்சியைத் தம் சின்னச் சில்லுக்குள் அடக்க, லென்ஸை 135 மில்லிமீட்டருக்குப் பின்வாங்க வேண்டியிருக்கிறது. பின்வாங்கினால் ஒளி நுழையும் வாயும் சுருங்கிப்போகிறது. பையன் படத்தில் இறக்கையின் ரோஜா நிறம் ஒவ்வொரு இறகிலும் தனித்தனியாக ஏறி இறங்குகிறது. அலகின் நுனியில் ஒரு நீர்த்துளி. வாத்தியார் படத்தில் அது வெறும் ரோஜாப் பூச்சு. துளியைக் காணோம். நாரை எழும்பிப் பறந்த அடுத்த படம் பையனிடம் இருக்கிறது. வாத்தியாரிடம் வெறும் ஆகாயம். அவருடைய காமிரா குவியத்தைத் தேடி முடிப்பதற்குள் நாரை கருவேல மரத்தைத் தாண்டிவிட்டதாம்.

ஆக, வேடிக்கையைப் பாருங்கள். பெரிய குழாய் லென்ஸைத் தோளில் தொங்கவிட்டவனைக் கண்டால் தூரத்தை அளக்கப் போகிறான் என்று நினைக்கிறோம். அவன் சாதனம் உண்மையில் கிட்டப் போகிறவனுக்கு ஏற்றது. கிட்டப் போக முடியாத இடத்தில்தான் அந்த மட்டமான பாலம் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறது.

மா. கிருஷ்ணனை (1912–1996) இந்த இடத்தில் நினைக்காமல் முடியவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டையும் பறவையையும் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் எழுதியதைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல காமிராக்களின் உறுப்புகளைத் தாமே சேர்த்துப் பூட்டிய கனத்த பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு யானை இருக்கும் இடத்துக்கு நடந்துபோனார். அரிட்டாபட்டிப் பாறை முகத்தில் வல்லூறு இருக்கும் இடத்துக்கு நடந்துபோக யாராலும் முடியாது. போகவும் கூடாது, குஞ்சு பொரிக்கும் இடம்.

"எதை வாங்கலாம்?" என்று கேட்கும் வாசகருக்கு விலை எழுத மாட்டேன், பத்திரிகை அச்சாவதற்குள் மாறிவிடும். 2020-க்குப் பிறகு நிக்கானும் கேனனும் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் கொண்டுவரவில்லை, கண்ணாடி இல்லாத காமிராக்களுக்குப் போய்விட்டார்கள். அதனால் உபயோகித்த டி.எஸ்.எல்.ஆர்.கள் கைமாறிக் கிடைக்கின்றன. கண்மாய்க் கரையில் விடியற்காலையில் உட்காரப் பொறுமை உள்ளவர் அதை வாங்கட்டும். மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு வாத்தியாருடையது போதும்.

ஒன்று மட்டும் இரண்டு கட்சிக்கும் பொது. நம் சமவெளியில் ஒன்பது மணிக்கு மேல் பாறையும் தரிசும் கொதிக்கத் தொடங்கி, கானல் எழுந்துவிட்டால், 539-ம் ஒன்றுதான், 500-ம் ஒன்றுதான். நடுவிலுள்ள காற்று நெளிவதை எந்தக் கண்ணாடியும் நிமிர்த்தாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மறுபடி அரிட்டாபட்டிக்குப் போகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் எடுத்ததை என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.