கடைசிக் கேள்வி

இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டது நாவலும் இல்லை, சினிமாவும் இல்லை. ஒரு பக்க ஃபாரம்! பெயர் பிஹெச்க்யூ-9. 1990-களின் கடைசியில், ஃபைசர் மருந்து கம்பெனியின் பண உதவியோடு அமெரிக்காவில் உருவானது. நோயாளிக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று சலித்துப் பார்க்க, பல நாடுகளில் இதைத்தான் நீட்டுகிறார்கள்.

ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இந்தத் தொல்லை எத்தனை நாள்? 'இல்லவே இல்லை' என்றால் 0, 'சில நாட்கள்' 1, 'பாதி நாட்களுக்கு மேல்' 2, 'கிட்டத்தட்ட தினமும்' 3. அதிகபட்சம் 27. பத்தைத் தொட்டால் டாக்டர் தீர விசாரிக்க வேண்டும். இலவசம், சில நிமிட வேலை. படித்தவர்களுக்கு நல்ல கருவி, சந்தேகமில்லை.

படிக்காதவர்களுக்கு?

சர்க்கரை நோய்க்காக உறவுக்காரப் பாட்டி ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தோம். பாட்டி கைநாட்டு. நர்ஸ் அந்த ஃபாரத்தை மகன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தூக்கம் வரவில்லையா, அல்லது அதிகம் தூங்குகிறீர்களா? ஒரே கேள்விக்குள் இரண்டு. "ஆமா" என்றார் பாட்டி. எதற்கு ஆமா? மகன் குத்துமதிப்பாக 3 போட்டார்.

ஏழாவது கேள்வி, கவனம் சிதறுகிறதா என்பது. அதற்கு உதாரணம், பேப்பர் படிப்பது! "எனக்கு எங்கேடா படிக்கத் தெரியும்?" பூஜ்யம்.

ஒன்பதாவது: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? கேட்பது பெற்ற பிள்ளை. பக்கத்தில் மருமகள். "சேச்சே, அதெல்லாம் இல்லப்பா."

மொத்தம் 3. பாஸ்!

பி.காம். முதல் வருடத்தில் சொல்லித்தருவார்கள்... டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. என்ட்ரி போடாமலே விட்டது அதில் தெரியாது. அந்த 3-ம் அப்படித்தான்.

வேறு வழி இருக்கிறதா? ஜிம்பாப்வேயில் இருக்கிறது. அங்கே ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு வார்த்தை. அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். மனச்சோர்வை அந்த மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இப்படி அவர்களுடைய பேச்சிலிருந்தே 1990-களில் 14 கேள்விகள் தயாரானது. பதில் ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். 2006-ல் ஹராரே நகரில் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளாகத்தில் பெஞ்ச் போட்டு உட்காரவைத்தார். கேட்பதும் பாட்டி, ஆறுதல் சொல்வதும் பாட்டி. 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் சோதித்ததில் நல்ல பலன் என்று 2016-ல் ஆய்வு வெளியானது.

நம்மிடமும் வார்த்தைகள் இல்லாமலில்லை. 'மனசு பாரமா இருக்கு', 'ஒரே யோசனையா இருக்கு' என்று தினம் கேட்கிறோமே! அவற்றை வைத்து, தனியாக உட்காரவைத்து, வாயால் கேட்டால் என்ன?

கேன்டீனில் மகன் டீ வாங்கப் போன நேரம் பாட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கடைசிக் கேள்வியை நீ தனியா கேட்டிருக்கலாமேப்பா."

மறுபடி உள்ளே அழைத்துப் போனேன். இந்த முறை அறையில் டாக்டரும் பாட்டியும் மட்டும். அரை மணி நேரம் கதவு திறக்கவில்லை.