ஓட்ஸ் நொய்

புத்தகங்களுக்கு விமரிசனம் எழுதியிருக்கிறேன். சினிமாவுக்கு எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஒரு டப்பாவுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. மூன்று மாத சர்க்கரையின் சராசரி 6.1 சதவிகிதம். 'எல்லைக்கோட்டுல நிக்கிறீங்க. காலையில இட்லியைக் குறைச்சுட்டு ஓட்ஸ் சாப்பிடுங்க' என்றார் டாக்டர். என் அப்பாவுக்கு நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. கடைசி இரண்டு வருடம் கால் விரலில் ஆறாத புண்ணோடு அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எனக்கு இப்போது நாற்பத்தைந்து. அன்று சாயங்காலமே சூப்பர் மார்க்கெட்டில் நின்றேன்.

ஒரு அலமாரி முழுக்க ஓட்ஸ். மூன்று நிமிட ஓட்ஸ், மசாலா ஓட்ஸ், நடுவில் கம்பீரமாக 'ஸ்டீல் கட் ஓட்ஸ்'. பக்கத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு விலை. பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விலை அதிகம் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பிவிடுவோம். வாங்கிவிட்டேன்.

'ஸ்டீலா? அயர்ன் சத்து ஜாஸ்தியோ?' என்று கேட்டார் எதிர் ஃபிளாட்காரர். இல்லை சார், கத்தி மட்டும்தான் ஸ்டீல். உமி நீக்கிய ஓட்ஸ் மணியை இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் ஸ்டீல் கட். அதையே ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கினால் நாம் வழக்கமாக வாங்கும் ஓட்ஸ். அம்மா டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, 'ஏண்டா, இது நொய்தானே?' என்றாள். அட, ஆமாம்! அது ஓட்ஸ் நொய். மற்றது ஓட்ஸ் அவல். ஒரே வார்த்தையில் டப்பாவின் பாதி மர்மம் போய்விட்டது.

1870களில் அமெரிக்காவில் ஓஹயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் ஃபெர்டினாண்ட் ஷூமேக்கர் என்ற ஜெர்மன்காரரின் ஆலையில், கல்லில் அரைப்பதற்குப் பதிலாகக் கத்தியால் வெட்டும் இயந்திரம் வந்தது. மாவாகி வீணாவது குறைந்தது. கொஞ்ச காலத்திலேயே சீக்கிரம் வேகும் அவல் வந்து நொய்யை ஓரங்கட்டிவிட்டது. அப்படி ஓரங்கட்டப்பட்ட சரக்குதான் இன்றைக்கு இரட்டை விலையில் நம் வீட்டுக்கு வருகிறது.

சரி, டப்பா சொல்வது நிஜமா? முதலில் படம். கிண்ணத்தின் மேல் நீல நிறத்தில் ஏதோ பழம், மேலே இருந்து தேன் ஒழுகுகிறது. சர்க்கரைக்குப் பயந்து வாங்குகிறவனுக்குத் தேனைக் காட்டுவது என்ன நியாயம்? அடுத்தது 'இதயத்துக்கு நல்லது'. இது பொய்யில்லை. ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. கொலஸ்ட்ரால் குறைய உதவுகிறது. தினம் 3 கிராம் சேர்த்தால் இதயநோய் அபாயம் குறையலாம் என்று விளம்பரம் செய்துகொள்ள 1997-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனால், டப்பா சொல்லும் ஒரு வேளை அளவு 40 கிராம். அதில் கிடைப்பது ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம். மீதிக்கு எங்கே போவது? எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

சர்க்கரை விஷயத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. குளுக்கோஸை 100 என்று வைத்துக்கொண்டு, எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் ஸ்டீல் கட்டுக்கு 55, தடித்த ஓட்ஸ் அவலுக்கு 53, இன்ஸ்டன்ட் ஓட்ஸுக்கு 75. அதாவது உடனடி பாக்கெட்டை ஒதுக்கியது சரி. ஆனால், தடித்த அவலைவிட உசத்தி என்று நான் கொடுத்த கூடுதல் காசு தண்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பீட்டா குளூக்கன் பார்லியிலும் இருக்கிறது. 2006-ல் அமெரிக்கர்கள் அதே சலுகையைப் பார்லிக்கும் கொடுத்துவிட்டார்கள். நம் தெருமுனை மளிகைக் கடையில் விளம்பரம் இல்லாமல் மூலையில் கிடக்கிறது. நீர்க்கடுப்பு வந்தால்தான் நமக்கு அதன் ஞாபகம் வரும்.

இனி சமையல். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், அரை மணி நேரம். முதல் நாள் என் மனைவிதான் வைத்தாள். ஒரு அடுப்பில் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு, மறு அடுப்பில் என் ஆரோக்கியம். ஏழே காலுக்குப் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. 'உங்க சர்க்கரைக்கு என் அரை மணி நேரமா?' என்று கேட்டாள். பதில் இல்லை. டாக்டர்கள், டப்பாக்காரர்கள், என்னைப் போல எழுதுகிறவர்கள், யாருமே அந்த அரை மணி நேரம் யாருடையது என்று கேட்பதில்லை. மறுநாளிலிருந்து கரண்டி என் கையில்.

குக்கரில் வைத்துப் பார்த்தேன். நுரைத்து, விசில் வழியாகக் கஞ்சி மேலே பீய்ச்சியது. சுவரைத் துடைத்ததும் நான்தான். கடைசியில் கைகொடுத்தது இது: ராத்திரி படுக்கப்போகும்போது தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஓட்ஸைப் போட்டு ஒரு நிமிடம் கிளறி, அணைத்து, மூடிவிடுங்கள். காலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம். அவ்வளவுதான்.

பாலும் தேனும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் கார்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் 1994 முதல் ஓட்ஸ் கஞ்சிக்கு உலகப் போட்டி நடத்துகிறார்கள். பிரதானப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு மட்டும்தான். பரிசின் பெயர் 'தங்கத் துடுப்பு' மாதிரி; கஞ்சி கிண்டும் மரக்குச்சியைத்தான் அப்படிக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு உப்பு மட்டும் போட்டேன். ஆறியதும் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கிள்ளிப் போட்டேன். நன்றாக இருக்கிறது. நிஜமாகவே. குழைந்து கூழாகாமல் பல்லில் கடிபடுகிறது. வேர்க்கடலை வாசனை லேசாக வருகிறது. பதினொரு மணிக்கு வடை தேடும் கை சும்மா இருக்கிறது.

இந்த டப்பா தீர்ந்ததும் அடுத்தது தடித்த அவலும் பார்லியும் மாற்றி மாற்றி என்று முடிவு. அடுத்த ரத்தப் பரிசோதனையை தீபாவளிக்கு முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.