கூடி வாசிப்பவர்களுக்கான கருவி: வீட்டு ஒலிப்பதிவில் மிக்ஸரின் இடம்

வீட்டில் ஒலிப்பதிவு அறை அமைக்க நினைக்கும் பலர் முதலில் விலை விசாரிப்பது மிக்ஸரைத்தான். ஸ்டூடியோ என்றதும் வரிசை வரிசையாகக் குமிழ்களும் ஃபேடர்களும் உள்ள அகன்ற மேசைதான் கண்முன் வருகிறது. ஆகவே இந்த ஆசை இயல்பானது. ஆனால் கணினியில் பதிவு நடக்கும் இன்றைய வீட்டில் அந்த மேசைக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று யோசிக்காமல் வாங்கினால் பணமும் இடமும் போகும், பதிவின் தரம் ஏறாது. மிக்ஸர் வேண்டுமா, எப்படிப்பட்டது வேண்டும் என்பதைப் பிராண்டும் குமிழ்களின் எண்ணிக்கையும் தீர்மானிக்கக் கூடாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் அந்த அறையில் உட்கார்ந்து வாசிக்கப் போகிறார்கள் என்பதே தீர்மானிக்க வேண்டும்.

மிக்ஸர் ஸ்டூடியோவின் நடுவே வந்து அமர்ந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. காந்த நாடாவில் டிராக்குகள் மிகக் குறைவு. 1967-இல் வெளிவந்த பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பே லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் நான்கு டிராக் கருவிகளைக் கொண்டு உருவானதுதான். பல மைக்குகளின் ஒலி நான்கு டிராக்குகளுக்குள் அடங்க வேண்டுமானால், நாடாவில் ஏறும் முன்பே அதைக் கலந்தாக வேண்டும். அந்த வேலைக்கு மிக்ஸரை விட்டால் வேறு வழியில்லை. 1979-இல் டாஸ்காம் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டூடியோ 144’ என்ற பெயரில், மிக்ஸரையும் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரையும் ஒரே பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் தான் குடியிருந்த வீட்டில் அந்தப் பெட்டியில்தான் தன் பாடல்களைப் பதிவு செய்தார். இசைக்குழுவுக்குப் போட்டுக் காட்ட எடுத்த மாதிரிப் பதிவுகள் அவை. பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தும் அந்த உணர்வு கிடைக்கவில்லை. கேசட்டில் இருந்ததே அதே ஆண்டு ‘நெப்ராஸ்கா’ தொகுப்பாக வெளிவந்தது.

அந்தப் பெட்டியின் மிக்ஸர் பகுதி மூன்று வேலைகளைச் செய்தது: மைக்கின் மெல்லிய சமிக்ஞையை உயர்த்தியது, அதை டிராக்குகளுக்குப் பிரித்து அனுப்பியது, கடைசியில் எல்லாவற்றையும் இரண்டாகக் கலந்தது. பின்னிரண்டு வேலைகளையும் இன்று மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது. முதல் வேலைக்கு, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். பில்லி ஐலிஷின் 2019 தொகுப்பின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர் வீட்டில், அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் ஓர் இன்டர்ஃபேஸும் கணினியும் கொண்டு உருவானது. 2020-இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது. தனியாகவோ இருவராகவோ ஒவ்வொரு குரலாக, ஒவ்வொரு வாத்தியமாக அடுக்கிப் பதிவு செய்பவர்களுக்கு மிக்ஸர் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் மிக்ஸரை ஒதுக்கிவிடலாமா? கூடாது. மென்பொருள் எளிதில் ஈடுகட்டாத பலங்கள் அதற்கு உண்டு.

முதலாவது, பாடுகிறவர் தன் குரலைக் காதில் கேட்கும் விதம். மைக்கில் பாடியது கணினிக்குள் போய்த் திரும்பி ஹெட்போனுக்கு வரத் தாமதம் ஆகிறது. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் தொகுதி) அளவு 256 சாம்பிள் என்றால் போக 5.3 மில்லி விநாடி, வர அதே அளவு. காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். எனவே தன் குரலை மூன்றரை மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்பதற்குச் சமம் இது. தாளக்கட்டோடு பாடுபவருக்கு அது இடறும். அனலாக் மிக்ஸரில் இந்தத் தாமதமே கிடையாது. ஒருவர் பாடும்போது இன்டர்ஃபேஸில் உள்ள நேரடிக் கண்காணிப்பு வசதியே இதைத் தீர்த்துவிடும் என்பது உண்மை. ஆனால் மூவர் சேர்ந்து வாசிக்கும்போது நிலைமை வேறு. பாடகருக்குச் சுருதியும் தன் குரலும் ஓங்கிக் கேட்க வேண்டும். மிருதங்கக்காரருக்குப் பாட்டு முன்னே நிற்க வேண்டும். வயலினுக்கு இரண்டும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கலவையை ஆக்ஸ் குமிழ்கள் வழியே உடனுக்குடன் கொடுப்பதில் நல்ல மிக்ஸருக்கு நிகரில்லை.

இரண்டாவது, கையின் வேகம். மவுஸால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நகர்த்தலாம். இரண்டு கைகளும் நான்கு ஃபேடர்களின் மேல் இருக்கும்போது, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் எகிறும் கணத்தில் ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்ற முடிகிறது. காதுக்கும் கைக்கும் நடுவே திரை குறுக்கிடாததால் பதிவு செய்பவரும் இசையோடு கூடவே இருக்கிறார். மூன்றாவது, இரட்டைப் பயன். வீட்டில் பதிவுக்கு வைத்த அதே மிக்ஸர் கோயில் பஜனைக்கும் சிறு கச்சேரிக்கும் ஒத்திகைக்கும் போய் வரும். ஒரே வருமானத்தில் இரண்டையும் நடத்தும் கலைஞருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

குறைகளில் முதன்மையானது, ‘யூ.எஸ்.பி. மிக்ஸர்’ என்ற பெயரை நம்பி வாங்குவோர் பின்னால்தான் கண்டுகொள்வது. யமஹாவின் எம்ஜி10எக்ஸ்யூ உழைப்புக்குப் பேர் பெற்ற நல்ல மிக்ஸர். ஆனால் அதில் பத்து சேனல்கள் உள்ளே போனாலும் யூ.எஸ்.பி. வழியே கணினிக்குப் போவது இரண்டே டிராக்குகள். கலந்து முடிந்த ஸ்டீரியோதான் பதிவாகிறது. பதிவைக் கேட்டபின் வயலின் அமுங்கிவிட்டது என்று தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நேரலைக்கும் உரையாடல் நிகழ்ச்சிக்கும் இது போதும். ஒலிப்பதிவு அறைக்குப் போதாது. ஒவ்வொரு சேனலும் தனி டிராக்காகப் பதிவாக வேண்டுமானால் ‘மல்டிடிராக்’ என்று விவரப் பட்டியலில் தெளிவாக இருக்க வேண்டும். சவுண்ட்கிராஃப்டின் சிக்னேச்சர் 12 எம்டிகே கணினிக்கு 14 டிராக்குகளை அனுப்பும். டாஸ்காமின் மாடல் 12, கணினி இல்லாமலே மெமரி கார்டில் 12 டிராக்குகளைப் பதியும். ஜூமின் லைவ்டிராக் எல்-12, ஐந்து பேருக்கு ஐந்து தனி ஹெட்போன் கலவைகள் தரும். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டிகள். செய்யும் வேலையோ வேறு வேறு.

இரண்டாவது குறை, சேனல் கணக்கு. பெட்டியின் மேல் 12 என்று எழுதியிருந்தால் 12 மைக் மாட்டலாம் என்று பொருளல்ல. யமஹாவின் எம்ஜி12எக்ஸ்யூவில் அதிகபட்சம் 6 மைக்தான். மற்றவை கீபோர்டு, பிளேயர் போன்றவற்றுக்கான லைன் உள்ளீடுகள். நம் கச்சேரி அமைப்பையே எடுத்துக்கொள்வோம். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று, கடத்துக்கோ கஞ்சிராவுக்கோ ஒன்று என ஐந்து மைக்குகள். மின் சுருதிப் பெட்டிக்கு ஒரு லைன். ஆறு உள்ளீடுகள் வேண்டும், ஆறும் தனித்தனி டிராக்காகப் பதிவாக வேண்டும். மேற்சொன்ன மிக்ஸரில் மைக் கணக்கு சரியாக வந்தாலும் கடைசியில் அது தருவது இரண்டே டிராக்.

மல்டிடிராக் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் தவறான நம்பிக்கை. பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் ஐவர் சேர்ந்து வாசித்தால் மிருதங்கம் பாடகரின் மைக்கிலும் விழும். வயலின் எல்லா மைக்கிலும் கேட்கும். டிராக்குகள் பெயரளவில்தான் தனித்தனி. வயலினில் ஒரு பிடி பிசகினால் அதை மட்டும் திரும்ப வாசித்து ஒட்ட முடியாது, ஏனென்றால் பழைய பிசகு பாடகரின் டிராக்கில் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு அறையில் அமர்த்தினால் இந்தக் கசிவு போகும். கூடவே கண்பார்த்து வாசிக்கும் மனோதர்மமும் போகும். எனவே கசிவை ஏற்றுக்கொண்டு, மைக்கை வாத்தியத்துக்கு அருகே வைத்து, அடுத்த வாத்தியத்துக்கு அதன் முதுகைத் திருப்பி வைப்பதில்தான் திறமை இருக்கிறது. எந்த விலை மிக்ஸரும் இதைச் செய்து தராது.

மூன்றாவது, நேற்றைய நிலைக்குத் திரும்ப முடியாமை. அனலாக் மிக்ஸரில் குமிழ்களின் நிலையைச் சேமிக்க வழியில்லை. பெரிய ஸ்டூடியோக்களில் உதவியாளர்கள் அவற்றைத் தாளில் குறித்து வைப்பார்கள், எஸ்.எஸ்.எல். 4000 வரிசையின் ‘டோட்டல் ரீகால்’ வசதி புகழ்பெற்றதே இந்தத் தொல்லையைக் குறைத்ததால்தான். வீட்டில் இது இன்னும் பெரிய பிரச்சினை. பதிவறை என்பது பெரும்பாலும் யாரோ படுக்கும் அறை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட மிக்ஸர் நாளைக்கு அப்படியே இருக்கும் என்ற உறுதி கிடையாது. 2012-இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 போன்ற டிஜிட்டல் மிக்ஸர்கள் எல்லா நிலைகளையும் நினைவில் வைத்து ஒரே அழுத்தில் மீட்டுத் தரும். ஆனால் அவை மேசையை அடைத்துக்கொள்ளும். சில மாடல்களில் உள்ளே ஓடும் விசிறியின் சத்தம் மைக்கிலும் விழும். ஒரு திருத்தத்துக்குத் திரையில் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருப்பதால், கையின் வேகம் என்ற பலமும் ஓரளவு கரைந்துவிடும்.

மிக்ஸரில் போனால் ஒலிக்கு ஒரு செழுமை வரும் என்ற வாதத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கில் விலை போகும் பழைய நீவ் கன்சோல்களுக்குத் தனிக் குணம் உண்டு, மறுக்கவில்லை. வீட்டுக்கு வாங்கும் விலையில் அந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது. வருவது மைக்கின் சமிக்ஞையை உயர்த்தும் சுத்தமான பிரீஆம்ப், அவ்வளவே. அந்தச் சுத்தமும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 150 ஓம் மின்தடையிலிருந்து இயற்கையாகவே எழும் வெப்ப இரைச்சல் சுமார் −131 டிபியு. இன்றைய மலிவான மிக்ஸர்களும் இன்டர்ஃபேஸ்களும்கூட −128 அளவை எட்டுகின்றன. இயற்பியல் வைத்த எல்லைக்கு அவ்வளவு நெருங்கிவிட்ட பிறகு, மின்விசிறி ஓடும், வெற்றுச் சுவர்கள் எதிரொலிக்கும் அறையில் மிஞ்சும் அந்த 3 டெசிபல் யார் காதுக்கும் எட்டாது. பார்க்க வேண்டியது கெயின், அதாவது சமிக்ஞையை எவ்வளவு உயர்த்த முடியும் என்பது. ஷூர் எஸ்எம்7பி போன்ற மந்தமான டைனமிக் மைக்குக்கு 60 டெசிபலாவது கெயின் வேண்டும். அதைத் தர முடியாத பிரீஆம்ப் மாட்டிய மைக்கைப் பாழாக்கும்.

மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. மிக்ஸர் ஒரு பிளக்கிலும் லேப்டாப் சார்ஜர் வேறொரு பிளக்கிலும் இருந்து, இரண்டும் கேபிளால் இணையும்போது எர்த் வளையம் உருவாகி 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பதிவில் ஏறும். எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுப்பதும், பேலன்ஸ்டு கேபிள் பயன்படுத்துவதும்தான் இதற்குச் சரியான வழிகள். ரீங்காரத்தை நிறுத்த எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. வாயருகே உலோக மைக் வைத்துப் பாடுகிறவரின் உயிர் அது.

எல்லாவற்றையும் எடைபோட்டால் தீர்ப்பு இப்படி வருகிறது. ஒருவரோ இருவரோ அடுக்கிப் பதிவு செய்வதென்றால் இரண்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ் போதும். மிச்சப் பணம் நல்ல மைக்குக்கும், அறையின் எதிரொலியை அடக்கும் கனத்த திரைக்கும் போகட்டும். நால்வர் ஐவர் சேர்ந்து வாசிக்கிறார்கள், பதிவு மட்டுமே நோக்கம் என்றால் எட்டு பிரீஆம்ப் கொண்ட ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 போன்ற இன்டர்ஃபேஸும் வலுவான போட்டியாளர். ஆனால் அதில் ஹெட்போன் இணைப்பு இரண்டே. கூட்டாக வாசிப்பதோடு ஆளுக்கொரு ஹெட்போன் கலவை, மேடை வேலை ஆகிய இரண்டில் ஒன்று சேர்ந்தாலும் மல்டிடிராக் மிக்ஸர் வென்றுவிடும். இரண்டு டிராக் யூ.எஸ்.பி. மிக்ஸருக்கு நேரலையிலும் மேடையிலும் இடம் உண்டு. ஒலிப்பதிவு அறைக்கென்று அதை வாங்கச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இவ்வளவு குறைகள் சொன்ன பிறகும் மல்டிடிராக் மிக்ஸருக்காக நான் வாதாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. கணினி வந்தபின் வீட்டு இசை பெரும்பாலும் தனிமனித வேலையாகிவிட்டது; ஒருவர் வாசித்ததன் மேல் இன்னொருவர் வேறொரு நாள் வந்து வாசித்துவிட்டுப் போகிறார். துல்லியம் கிடைக்கிறது, ஆனால் ஒருவர் போட்ட சங்கதிக்கு மற்றவர் அந்தக் கணமே தரும் பதில் கிடைப்பதில்லை. நம் இசையின் உயிர் பெரிதும் அந்தப் பதிலில் இருக்கிறது. ஐவரை ஓர் அறையில் உட்காரவைத்து, ஆளுக்கு வேண்டியதைக் காதில் கொடுத்து, அனைத்தையும் தனித்தனியாகக் காப்பாற்றி வைக்கும் வசதி இன்று ஒரு நடுத்தரக் குடும்பம் சேமித்து வாங்கும் விலைக்கு இறங்கி வந்திருக்கிறது. அந்த வசதிக்காகக் கொடுக்கும் பணம் வீணல்ல. அது இல்லாத மிக்ஸருக்குக் கொடுக்கும் பணம், எவ்வளவு குறைவானாலும், அதிகம்தான்.