குனிந்து பார்க்கும் கேமரா

யாஷிகா மேட் 124ஜி கேமராவின் மேல்மூடியைத் தூக்கினால், தகர மடல்கள் ‘டக்’கென்று எழுந்து நிற்கும். குனிந்து பார்த்தால் தேய்த்த கண்ணாடியில் தெரு மிதக்கும், இடவலம் மாறி. வலப்பக்கம் ஓடும் குழந்தை அதில் இடப்பக்கம் ஓடும். துரத்திப் பிடிப்பதற்குள் போய்விடும். ஓட்டத்துக்கு இந்தக் கேமரா சரிப்படாது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே எதையும் நீட்டுவதில்லை, தலைகுனிந்து நிற்கிறோம். ஷட்டரும் மெல்லிய ஒரு சொடுக்கோடு சரி. பாட்டி கூச்சமில்லாமல் பேசிக்கொண்டே இருப்பார்.

ஓடும் குழந்தைக்கு எஸ்.எல்.ஆர்.தான். உள்ளிருக்கும் கண்ணாடி எழும்பி விழும் ‘சளக்’ உள்ளங்கைவரை அதிரும். படம் பதியும் கணத்தில் மட்டும் கண்முன் இருட்டிவிடும். செல்போன் இரண்டையும்விட வேகம், சட்டைப்பையிலேயே கிடக்கும். விரலுக்குத்தான் அதில் வேலை குறைவு. யாஷிகாவில் சுருளுக்கு 12 படம். ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியை முன்னே சுற்றி, பின்னே திருப்ப வேண்டும். பல்சக்கரங்கள் ‘கிர்ர்’ரென்று நகர்வது விரல்நுனியில் தெரியும். அதுவரை பாட்டியின் கதையைக் கேட்கலாம்.