நுரைக்கு எத்தனை மதிப்பெண்?

பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், வீட்டு மேசையில் எரிமலை வெடிக்கும். களிமண்ணால் ஒரு கூம்பு, உள்ளே ஆப்பச் சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். நுரை பொங்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், அம்மாவின் கைபேசி படமெடுக்கும். வீட்டில் செய்யும் அமில, காரச் சோதனைகளில் முதலிடம் இதற்குத்தான். அந்த இடத்துக்கு இது தகுதியானதா?

எடைபோட மூன்று கேள்விகள் போதும். விளைவைப் பிள்ளை முன்கூட்டி ஊகிக்க இடம் உண்டா? அந்த ஊகம் பொய்க்க வாய்ப்பு உண்டா? வீட்டில் ஆபத்தின்றிச் செய்ய முடியுமா?

மூன்றாம் கேள்வியில் மட்டுமே எரிமலை தேறுகிறது. எத்தனை முறை ஊற்றினாலும் பொங்கும். எது அமிலம், எது காரம் என்று தெரியாமலே ஆட்டம் முடிந்துவிடும். உண்மையான எரிமலைக்கும் இதற்கும் உறவே இல்லை. அங்கே பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்கள் அழுத்தம் குறையும்போது பீறிடுகின்றன. வினிகருக்கு அதில் வேலையில்லை. கூம்பை ஒதுக்கிவிட்டு அளவுக்குவளையை எடுத்தால் நிலைமை மாறும். 5 கிராம் சோடா முழுதும் தீர, 5 விழுக்காட்டு வினிகர் சுமார் 70 மில்லிலிட்டர் வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் புது நுரை வராது. நுரை எங்கே நிற்கும் என்று பிள்ளை ஊகிக்கலாம், தோற்கலாம், மறுபடி அளக்கலாம். குவளையைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருக்கும். இந்த வினை வெப்பத்தை உறிஞ்சுகிறது.

இரண்டாவது போட்டியாளர் சங்குப்பூ. புலுட் தாய் தாய் பலகாரத்துக்கு நீலம் ஏற்றும் அதே பூ, பினாங்கில் பல வேலிகளில் படர்ந்திருக்கிறது. 1664இல் வேதியியலாளர் ராபர்ட் பாயில் வயலட் பூச்சாற்றைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்துக் காட்டினார். அதே சோதனையை நம் வீட்டுப் பூவைக் கொண்டு செய்யலாம். வெந்நீரில் ஒரு பிடி பூவை ஊறவைத்து, வடிகட்டி, சிறு கிண்ணங்களில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் எதையும் சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்க வேண்டும். லீமாவ் கஸ்தூரி பிழிந்தால் நீலம் ஊதாவாகும். இன்னும் பிழிந்தால் சிவப்பு கலக்கும். ஆப்பச் சோடா மென்காரம் என்பதால் நீலம் லேசாகப் பச்சைப் பக்கம் சாயும், அவ்வளவே. சவுக்காரத் தண்ணீரில் பச்சை இன்னும் தெளிவாகும்.

சுவாரசியமான கிண்ணம், ஹொக்கியன் மீக்குப் போடும் மஞ்சள் மீ ஊறிய தண்ணீர்தான். அந்த மீயின் மாவில் காரநீர் சேர்ப்பது வழக்கம். கோதுமையின் நிறமிகள் காரத்தில் மஞ்சளாகும். ஆனால் வாங்கிவந்த மீயில் காரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது பெற்றோருக்கும் தெரியாது. விடை முன்பே தெரியாத இந்தக் கிண்ணத்தில்தான் சோதனை உண்மையாகிறது.

குறையும் உண்டு. சங்குப்பூ மென்மையான அமிலத்தைக் கண்டுகொள்ளாது. பிஎச் 4 முதல் 7 வரை பெரும்பாலும் நீலமாகவே நிற்கும். மழைநீரும் குழாய்நீரும் அதன் முன் ஒன்றுதான். அயல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் சிவப்பு முட்டைக்கோஸ் இந்த இடைவெளியில் கூர்மையானது. ஆனால் அதைக் கடையில் தேடி வாங்க வேண்டும். சங்குப்பூவுக்கு வேலி வரை நடந்தால் போதும்.

மூன்றாவது, நமக்கு மிகப் பழக்கமான மஞ்சள். சுண்ணாம்பு சேர்த்தால் செக்கச் சிவந்துவிடும் என்பது ஆரத்தித் தட்டைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். காட்சி அழகு, பயன் பாதி: அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். ஆபத்தோ முழுசு. அமிலம் என்றால் பதறும் பெற்றோர், வெற்றிலைத் தட்டிலிருக்கும் சுண்ணாம்பைச் சாதாரணமாக எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணில் பட்டால் காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அமிலக் காயத்தைவிட இது பெரும்பாலும் மோசம். சுண்ணாம்புப் பொட்டலம் பிதுங்கித் தெறித்துப் பார்வை கெட்ட குழந்தைகளைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மஞ்சளைச் சோதிக்கச் சவுக்காரத் தண்ணீரே போதும். குளோரோக்ஸ் வெளுப்பான் புட்டியை இந்த மேசைக்குக் கொண்டுவரவே கூடாது. வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

வினிகரில் முட்டையை ஊறவைப்பதையும் விடவேண்டாம். ஓரிரு நாளில் ஓடு கரைந்து, தோல் மட்டும் மிஞ்சும். சுண்ணச் சத்தை அமிலம் அரிப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, இனிப்புச் சோடாவும் பல்லும் பற்றித் தனியாகப் புத்திமதி தேவையில்லை. பச்சை முட்டை என்பதால் கை கழுவுவது கட்டாயம்.

ஆகவே, முதலிடம் சங்குப்பூவுக்கு, இரண்டாமிடம் முட்டைக்கு. அளவுக்குவளையோடு வந்தால் ஆப்பச் சோடாவுக்கு மூன்றாமிடம். கூம்போடு வந்தால் அது விளையாட்டுச் சாமான்தான். சங்குப்பூவின் முதலிடத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஊற்றும் முன் என்ன நிறம் வரும் என்று பிள்ளை தன் கையால் எழுதிவைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சங்குப்பூவும் வண்ணத் தண்ணீர் வேடிக்கைதான். எரிமலையைவிட ஒரு மதிப்பெண்கூட அதிகம் தர முடியாது.